ஒன்பதாவது கம்பத்தைப் பிடுங்கும் நேரம்

பொத்தானை அமுக்கியாகிவிட்டது. இனி நாற்பது நிமிஷத்துக்குப் பச்சையம்மாள் செய்வதற்கு ஒன்றுமில்லை. கைகள் இரண்டும் மடியில்தான் கிடக்கின்றன, விரல்கள்தான் சொல்பேச்சு கேட்காமல் துப்பட்டா ஓரத்து நூலைப் பிய்த்துக்கொண்டிருக்கின்றன. திரையின் அடியில் நீலப் பட்டை ஒன்று வயிறு முட்டத் தின்ற எறும்பு மாதிரி நகர ஆரம்பித்தது. ஒரு சதவீதம். மணி பதினொன்று இருபது. கரண்ட் போகாமலிருந்தால், கல்லூரித் தொல்லியல் துறைக்கு வாய்த்த இந்த ஒரே கம்ப்யூட்டர் நடுவழியில் படுத்துக்கொள்ளாமலிருந்தால், பன்னிரண்டுக்கு முடிந்துவிடும். பயணிகளின் கனிவான கவனத்திற்கு, கற்காலத்திலிருந்து ஊமத்தமேடு வழியாக வந்துகொண்டிருக்கும் வீடு இன்னும் சற்று நேரத்தில்... ரயில் நிலையத்துப் பெண்மணி தொண்டைக்குள் தானாக எழுந்து வந்தாள், பச்சையம்மாள் உதட்டை இறுக்கி மூடி அவளைத் திருப்பி அனுப்பினாள். இது பிறவிக் கோளாறு. மற்றவர்கள் யோசித்தால் யோசனை வரும், இவள் யோசித்தால் ஆள் வரும். ஹாஸ்டல் வார்டன், செய்தி வாசிப்பவர், தண்ணீர் கேன் போடுகிறவர், கபடி மைக்செட் அண்ணன் என்று பத்தொன்பது வயதுக்குள் ஒரு ஊரே தொண்டையில் குடியேறி, கூப்பிட்டாலும் கூப்பிடாவிட்டாலும் கதவைத் தட்டுகிறது. எதிரே, அதே மேசையின் மறுபக்கம், சகாயராணி மேடம் அரியர் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். சிவப்புப் பேனாவால் தப்பு போட்டால் மேசை ஒரு ஆட்டம் ஆடும், சரி போட்டால் அரை ஆட்டம். முன்பெல்லாம் இன்னும் மோசம், டீ கிளாஸ் வைத்தால் கரகமே ஆடும். இப்போது ஒரு காலுக்கு அடியில் கல் கொடுத்திருக்கிறது. பச்சையம்மாள் செருப்பைக் கழற்றிவிட்டுப் பெருவிரலை அந்தக் கல்லின் மேல் வைத்திருந்தாள். குளிர்ச்சியாக இருந்தது. இந்த அறையில் குளிர்ச்சியாக இருந்தது அது ஒன்றுதான்.

திரையில் வீடு நின்றுகொண்டிருந்தது. வட்டமான குடிசை, கூம்புக் கூரை, குனிந்து நுழைகிற மாதிரி ஒரு வாசல். இதை அப்படியே தோண்டியெடுத்தார்கள் என்று யாராவது நினைத்தால் தப்பு. போன தை மாதம் ஊமத்தமேட்டுக் கரட்டில் நாற்பது நாள் வெயிலில் வெந்து கண்டுபிடித்தது வெறும் ஓட்டைகளைத்தான். மரமும் புல்லும் மக்கி மண்ணோடு மண்ணாகி மூவாயிரம் வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஆனால் கட்டினவர்கள் சுண்ணாம்பு இறுகிக் கிடக்கும் சுக்கான் தரையைக் குடைந்து கம்பம் நட்டிருந்தார்கள், கம்பம் போன பிறகு அந்தக் குழியில் வேறு மண் வந்து உட்கார்ந்துகொண்டது, வெளுத்த தரையில் கருப்புப் பொட்டு வைத்த மாதிரி. வட்டமாக எட்டுப் பொட்டு. அதை வைத்துக்கொண்டு வீடு கட்ட வேண்டும். குழியின் அகலம் கம்பத்தின் பருமனைச் சொல்லும், ஆழம் உயரத்தைச் சொல்லும், சரிவு அந்தக் கம்பம் எந்தப் பக்கம் தலை சாய்த்தது என்று சொல்லும். மீதியை நாம்தான் கம்ப்யூட்டருக்குச் சொல்ல வேண்டும். உசில மரத்துக்கு என்ன எடை, மூங்கில் எவ்வளவு வளைந்த பிறகு முறியும், மழையில் ஊறிய விழல்புல் எவ்வளவு கனக்கும். அந்தக் கடைசிக் கேள்விக்காக ஒரு கட்டு விழலை ஹாஸ்டல் குளியலறையில் ஊறப்போட்டு, சமையற்கட்டுத் தராசில் நிறுத்தபோது வார்டன் வந்துவிட்டார். "ஏம்மா, நீ படிக்க வந்தியா, மாடு வளக்க வந்தியா?" மறுநாள் சாப்பாட்டு வரிசையில் அதே கேள்வியை அதே குரலில் பச்சையம்மாள் பின்னாலிருந்து கேட்டாள், பதினாலு பேர் தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு விறைத்து நின்றார்கள். இப்படி ஒவ்வொன்றாகச் சேர்த்து, வீட்டை எழுப்பி, கரட்டின் மேல் ஆடி மாதம் அடிக்கிற தென்மேற்குக் காற்றைக் கணக்குப் போட்டு அதன் மேல் அவிழ்த்துவிட வேண்டும். பட்டை ஓடி முடிந்த பிறகுதான் படம் ஓடும். நிற்கிறதா, சாய்கிறதா. முதல் தடவை நின்றபோது மேடம் கைதட்டினார். இரண்டே தட்டு. மேடத்துக்கு அது ஊர்வலம் போன மாதிரி. ஒன்பது சதவீதம்.

வீடு நின்றுவிட்டது என்று மேடம் சும்மா இருந்தாரா? "நிக்கிற வீடு ஒண்ணும் சொல்லாது பச்சையம்மா. ஒவ்வொரு கம்பமா பிடுங்கு. எதைப் பிடுங்கினா என்ன ஆகுதுன்னு பாரு. கட்டினவன் எதுக்காக அதை நட்டான்னு அப்பதான் தெரியும்." அப்படி எட்டு நாள் எட்டுக் கம்பம் பிடுங்கியாகிவிட்டது. முதலாவதைப் பிடுங்கினால் கூரை உதடு பிதுக்கியது, நாலாவதைப் பிடுங்கினால் வாசல் பக்கம் முழங்கால் மடங்கினது மாதிரி இறங்கியது, ஆனால் எதற்கும் வீடு முழுசாக விழவில்லை. இன்றைக்கு ஒன்பதாவது. வட்டத்தில் எட்டுத்தானே, ஒன்பதாவது எங்கிருந்து வந்தது? அதுதான் சமாச்சாரம். ஒன்பதாவது குழியைத் தோண்டியது பச்சையம்மாள். விளையாட்டுக்குத்தான். கூடப் படிக்கிற ரிஸ்வான், ஆம்பூர்க்காரன், அவனுக்கு ஒதுக்கிய கட்டத்தை இருபத்தொன்பது நாள் கொத்துக்கரண்டியால் சுரண்டியும் ஒரு பானை ஓடுகூடக் கிடைக்கவில்லை. "பச்ச, என் கட்டத்துல மட்டும் கற்கால மனுசன் லீவு போட்டுட்டான்" என்று சொல்லிக்கொண்டே சுரண்டுவான். முப்பதாவது நாள் சாப்பாட்டு நேரத்தில், எல்லோரும் புளியமரத்தடியில் இருக்கும்போது, பச்சையம்மாள் அவன் கட்டத்தில் இறங்கி, வட்டத்துக்கு வெளியே, வடகிழக்கு ஓரத்தில், அவன் கரண்டி இன்னும் தொடாத மூலையில், கம்பம் இருக்க ஒரு நியாயமும் இல்லாத இடமாகப் பார்த்துக் கடப்பாரையால் ஒரு குழி போட்டாள். சமையல் அடுப்பிலிருந்து அள்ளிவந்த சாம்பலையும் கரியையும் அதில் அடைத்து, தண்ணீர் தெளித்து அமுக்கி, பிரஷ்ஷால் நீவிவிட்டு நல்ல பிள்ளையாகப் போய்ச் சாப்பிட உட்கார்ந்தாள். அவன் கண்டுபிடிக்க வேண்டும், குதிக்க வேண்டும், சாயங்காலம் மேடம் குரலில் "ரிஸ்வான், இது கற்காலம் இல்ல, காலை டிபன் காலம்" என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான் திட்டம். அவன் கண்டுபிடித்தான். குதித்தான். குதித்த சத்தத்தில் நிஜ மேடமே வந்துவிட்டார்.

வந்தவர் சும்மா பார்த்துவிட்டுப் போயிருக்கக் கூடாதா? அதற்கு முந்தின வாரம் பையன்கள் மூன்று குழி காட்டினார்கள், மூன்றையும் பத்தடி தூரத்திலிருந்தே "எலி வளை, எலி வளை, வேர்" என்று தள்ளிவிட்டவர்தான். அன்றைக்குச் சாம்பலைக் கரண்டியால் எடுத்துவிட்டு, மண்டியிட்டு, ஆள்காட்டி விரலைக் குழிக்குள் விட்டுச் சுவரை ஒரு சுற்றுத் தடவினார். "இது பழசு" என்றார். பச்சையம்மாளுக்குச் சிரிப்பு தொண்டை வரை வந்து நின்றது, மேடத்தையே ஏமாற்றிவிட்டோமே என்ற கொழுப்புச் சிரிப்பு. மறுநாள் அந்தக் குழி உள்பக்கமாகச் சாய்ந்திருப்பதை அளந்துவிட்டு மேடம் தாளில் கோடு போட்டுக் காட்டினார். "இது வட்டத்துல சேராத கம்பம். முட்டுக்கால். காத்து வர்ற பக்கம் முட்டு கொடுக்கக் கூடாது, வீடு விழுற பக்கம் கொடுக்கணும். மயங்கி விழுறவனை எந்தப் பக்கம் நின்னு பிடிப்போம்? அந்த மாதிரி. யோசிச்சிருக்கான் பாரு!" ரிஸ்வான் வீட்டுக்குப் போன் போட்டு உருதுவிலும் தமிழிலும் மாறி மாறிக் கத்திக்கொண்டிருந்தான். அப்போதே சொல்லியிருக்கலாம். அப்போது சொன்னால் ஒரு திட்டோடு போயிருக்கும். மறுநாள் சொன்னால் இரண்டு திட்டு. நாலு மாதம் கழித்து, முட்டுக்கால் வைத்த வீட்டைப் பற்றி ரிஸ்வானும் மேடமும் சேர்ந்து எழுதின கட்டுரை இன்றைக்கு மூன்று மணிக்கு அனுப்பப்படக் காத்திருக்கும்போது சொன்னால் அதற்கு என்ன பெயர்? அடுத்த தையில் ஊமத்தமேட்டுக்குப் போகும் பட்டியலில் அவள் பெயர் இருக்காது. ரிஸ்வான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வான்? ஆனால் இன்னொரு வழி இருக்கிறது, அதை நம்பித்தான் பெருவிரல் கல்லின் மேல் அமைதியாக இருக்கிறது. மேடமே சொன்னது: "எதைப் பிடுங்கினா வீடு கொஞ்சம்கூட அசையலையோ, அது கம்பக்குழி இல்ல, தூக்கிப் போட்டுடலாம்." பொய்க் கம்பம்தானே, பிடுங்கினால் என்ன ஆகப்போகிறது? வீடு நிற்கும். ஒன்பது தானாகக் கழன்று விழும். குழி இயற்கையாகச் செத்ததாக இருக்கும், யாரும் கொன்றதாக இருக்காது. இருபத்திரண்டு சதவீதம். மேசை ஒரு முழு ஆட்டம் ஆடியது, யாரோ ஒரு அப்பாவிக்குத் தப்பு.

பீரோவில் அந்தப் பொட்டலம் வேறு இருக்கிறது. அலுமினியத் தாளில் சுற்றி, 'கு-9' என்று மேடத்தின் கையெழுத்தில். கரியைச் சோதித்து வயது சொல்லும் கூடத்துக்கு இந்த வருஷம் ஒரே ஒரு மாதிரி அனுப்பத்தான் அனுமதி கிடைத்திருக்கிறது, எட்டுக் குழிக் கரியையும் விட்டுவிட்டு மேடம் ஒன்பதைத் தேர்ந்தெடுத்தார், இருக்கிறதிலேயே சுத்தமான கரி அதுதானாம். சுத்தமாக இல்லாமல் என்ன செய்யும்! வணக்கம், செய்திகள் வாசிப்பது... ஊமத்தமேட்டு முட்டுக்காலின் வயது இன்று அறிவிக்கப்பட்டது. போன தை மாதம், காலை ஏழு மணி, ரவை உப்புமா. உப்பு சற்றுக் குறைவு என்றும் ஆய்வாளர்கள் தெரிவித்தனர். பச்சையம்மாளுக்குத் தோள் குலுங்கியது, இருமி மறைத்தாள். "தண்ணி குடி" என்றார் மேடம், தலை நிமிராமல். குடித்தாள். வீடு நின்றுவிட்டால் ஒன்பது போய்விடும், ஒன்பது போய்விட்டால் பொட்டலமும் போகாது, வேறு குழிக் கரி போகும். எல்லாம் சரியாகிவிடும். யாரும் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. அப்பாகூட ஒன்றும் சொல்லவில்லையே. அப்பா எங்கிருந்து வந்தார்? போளூர், போளூர், கலசப்பாக்கம் வண்டி நிக்காது, சில்ற எடுத்து வச்சுக்க, உள்ள போ, உள்ள போ... அப்பாவின் கண்டக்டர் குரல்தான் அவள் முதலில் பிடித்த குரல், அதற்கும் முன்னால் பிடித்தது அவருடைய விசில். நாக்கை மடித்து அப்படியே ஊதுவாள். ஒன்பது வயதில் ஒருநாள், அப்பா கீழே இறங்கி டீ குடித்துக்கொண்டிருக்கும்போது, கடைசி சீட்டிலிருந்து இரட்டை விசில் கொடுத்தாள். டிரைவர் எடுத்துவிட்டார். அப்பா பையை மார்போடு பிடித்துக்கொண்டு ஓடி வந்தது பின் கண்ணாடியில் தெரிந்தது, வண்டியே சிரித்தது, அவளும் சிரித்தாள், அவர் விழுந்ததும் சிரிப்பு நின்றது. டிப்போவில் கேட்டார்களாம். "நான்தான் சார் ஊதிட்டு ஏறலாம்னு பாத்தேன், கால் வழுக்கிடுச்சு" என்றாராம். வீட்டுக்கு வந்து விசிலை ஆணியில் மாட்டிவிட்டு, முட்டியில் மருந்து போட்டுக்கொண்டு அவளைப் பார்த்துச் சிரிக்கக்கூடச் செய்தார். திட்டியிருந்தால் மறந்திருப்பாள். ரிஸ்வானும் அப்படித்தான். நாளைக்கு அந்தக் கூடத்திலிருந்து உப்புமா வயது வந்தால், "என் கட்டம்தான் மேடம், நான்தான் ஏதோ தப்பா அள்ளிட்டேன்" என்பான். அவன் அந்த ஜாதி ஆள். முப்பத்தெட்டு.

மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு 'டக்' சொன்னது. டக். டக். ஊமத்தமேட்டில் கடப்பாரை அப்படித்தான் சொல்லும், இதைவிடக் கெட்டியாக. டங். சுக்கான் தரை கடப்பாரையை வாங்காது, எகிறித் திருப்பி அனுப்பும், உள்ளங்கையில் மின்சாரம் அடித்த மாதிரி இருக்கும். வந்த முதல் நாள் கூடாரத்து முளை நான்கு அடிக்க இரண்டு பேருக்கு ஒரு காலை முழுக்க ஆனது. நல்ல வெயில், எள்ளுக் காய வைத்த வாசனை எங்கிருந்தோ வரும், மேலே பருந்து ஒன்று அசையாமல் ஒட்டவைத்த மாதிரி நிற்கும். மண் சலிக்கிற கெம்பம்மா சல்லடையை ஆட்டிக்கொண்டே "இந்த வெயில்ல ஓட்டய தேடி வந்திருக்கீங்களே கண்ணுங்களா, எங்க ஊட்டுக் கூரைல எத்தன வேணும் சொல்லுங்க" என்பாள். அந்தச் சாப்பாட்டு நேரம் எவ்வளவு நீளம்? இருபது நிமிஷம். இருபது நிமிஷத்தில் இறங்கி, தோண்டி, அடைத்து, நீவி, கை கழுவி, அன்றைக்குத் தக்காளிச் சாதம், சாப்பிடவும் நேரம் இருந்தது. முப்பத்தோரு சென்டிமீட்டர் ஆழம் என்று மேடம் அளந்தார். சரி, அதற்கென்ன. ஐம்பத்தேழு சதவீதம். வீடு நிற்கும். நின்றதும் மேடம் ஒன்பதை அடிப்பார், ரிஸ்வான் இரண்டு நாள் மூஞ்சியைத் தூக்கி வைத்திருப்பான், பிரியாணி வாங்கிக் கொடுத்தால் சரியாகிவிடும், ஆம்பூர்க்காரனுக்கு வெளியூர்ப் பிரியாணி வாங்கிக் கொடுத்தால் அதையே திட்டித் தீர்த்து இதை மறந்துவிடுவான். இருபது நிமிஷம். கூடாரத்து முளைக்கு ஒரு காலை. கபடி மைக்செட் அண்ணன் உள்ளே கத்தினார், பாருங்கள் பாருங்கள், ஒற்றை ஆளாக இறங்கிய வீராங்கனை, இருபதே நிமிடத்தில்... அவரை அடக்கினாள். அண்ணா, கொஞ்சம் சும்மா இருங்க. கடப்பாரை டங் என்று சொல்லவில்லை. அன்றைக்கு அது ஒன்றுமே சொல்லவில்லை.

அதை இப்போதுதான் கேட்கிறாள். கேட்காததைக் கேட்கிறாள். முதல் குத்து எகிறியது, இரண்டாவதும் எகிறியது, ஒரு சாண் தள்ளிக் குத்தினாள், கடப்பாரை உள்ளே போனது. பழைய செருப்புக்குள் கால் போகிற மாதிரி. அவள் நேராகத்தான் பிடித்தாள், அது தானாகச் சாய்ந்து வழி பார்த்துக்கொண்டு இறங்கியது, கையைக் கூட்டிக்கொண்டு போன மாதிரி. சிரிப்பும் அவசரமுமாக இருந்ததால் கை சொன்னதைத் தலை வாங்கவில்லை. உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள், இப்போது அதில் துப்பட்டா நூல்தான் இருந்தது. வேண்டாம், இதை இழுக்க வேண்டாம், பட்டையைப் பார்ப்போம், எழுபத்தொன்று. எலி வளையாக இருக்கும். எலி வளை மெத்தென்றுதான் இருக்கும். எலி வளைக்குள் கல் எதற்கு? பாதி ஆழத்தில் கல் இடறியது, மூன்று கல், படுத்த கல் இல்லை, நெட்டுக்குத்தாகச் சுவரோடு ஒட்டி, யாரோ கையால் செருகின மாதிரி இறுக்கமாக. கொத்துக்கரண்டியால் நெம்பி எடுத்தாள், சனியன் வரமாட்டேன் என்கிறதே என்று திட்டினதுகூட ஞாபகம் வருகிறது. உள்ளே இருந்த மண்ணைச் சட்டியில் அள்ளிக் குவியலில் கொட்டியபோது கெம்பம்மா வெற்றிலையை ஒதுக்கிவிட்டு எட்டிப் பார்த்தாள். "எந்தக் கட்டத்து மண்ணு பாப்பா இது? கருகருன்னு இருக்கு." "எலி மண்ணுக்கா" என்று அவசரத்தில் சொன்னாள். "எலிக்கு ஏது கரி?" என்றாள் கெம்பம்மா, பிறகு அவளும் சோற்றைப் பார்க்கப் போய்விட்டாள். எலிக்கு ஏது கரி. இது பழசு. மேடத்தின் விரல் சுவரை ஒரு சுற்றுத் தடவியது, பத்தடி தூரத்திலிருந்து எலி வளையைத் தள்ளுகிறவர், இது பழசு என்றார், பச்சையம்மாள் சிரிப்பை விழுங்கினாள், மேடத்தையே ஏமாற்றிவிட்டோம் என்று நாலு மாதமாக உள்ளுக்குள் ஒரு மெடலை மாட்டிக்கொண்டு திரிந்தாள். மேடம் ஏமாறவே இல்லை. கம்பம் இருக்க நியாயமே இல்லாத இடமாகப் பார்த்தாளே, அதே இடத்தில் மூவாயிரம் வருஷத்துக்கு முன்னால் ஒருவர் நியாயத்தோடு நின்று குடைந்திருக்கிறார். அவர் வைத்ததையெல்லாம் இவள் வாரிக் கொட்டிவிட்டு உப்புமாச் சாம்பலை நிரப்பியிருக்கிறாள். எண்பத்தெட்டு. இரண்டு கல்லைக் குவியலில் எறிந்தாள். மூன்றாவது, கேக் வெட்டின மாதிரி ஒரு பக்கம் தடித்து ஒரு பக்கம் கூர்ந்து அழகாக இருந்தது, அதை ரிஸ்வானின் டிபன் பைக்கு அடியில் போட்டாள், அவன் அதைச் சுமந்துகொண்டு கரடு இறங்கி, பஸ் ஏறி, ஒரு வாரம் கழித்து இந்த அறையில்தான் கண்டுபிடித்தான். "ஏய் பச்ச, நீதானே!" எறிகிற மாதிரி ஓங்கிவிட்டு, பிறகு மேசை ஆடுவதைப் பார்த்து, அந்தக் கல்லை அதன் காலுக்குக் கீழே உதைத்துச் செருகினான். பெருவிரல் கல்லின் மேல் இருந்தது. எடுக்கத் தோன்றவில்லை. குளிர்ந்து, சின்னதாக, தன் வேலையைத் தான் பார்த்துக்கொண்டு, முன்பு பிடித்துக்கொண்டிருந்த மாதிரியே இன்னொரு காலைப் பிடித்துக்கொண்டிருந்தது.

நூறு. படம் ஓடியது. காற்று அம்பு அம்பாகத் தென்மேற்கிலிருந்து வந்தது, கூரைப் புல் சிலிர்த்தது, எட்டுக் கம்பமும் ரகசியம் கேட்கிறவர்கள் மாதிரி மெல்ல ஒரு பக்கமாகத் தலை சாய்த்தன, சாய்ந்தன, இன்னும் சாய்ந்தன, சத்தமே இல்லாமல் வீடு வடகிழக்காக உட்கார்ந்துவிட்டது. கூரை தரையில் அடைகாக்கிற கோழி மாதிரி கிடந்தது. பிடுங்கினால் ஒன்றும் ஆகாது என்று நினைத்தாளே அந்தப் பொய்க் கம்பம், அது இல்லாமல் வீடே இல்லை. "முடிஞ்சுதா? எந்தப் பக்கம்?" என்றார் மேடம். "வடகிழக்கு மேடம்." மேடம் பேனாவை மூடினார், எழுந்து வந்து பார்த்தார், திரும்பப் போய் உட்கார்ந்தார், இரண்டு முறை கைதட்டினார். "பாத்தியா? அந்த ஒத்தக் கால்லதான் மொத்த வீடும் நின்னிருக்கு. ரிஸ்வானுக்குப் போன் போடு, கட்டுரைக்குப் போஸ்டர் அடிக்கிற கடையிலதான் இருப்பான். அப்படியே பீரோவுலேருந்து அந்தப் பொட்டலத்தை எடு, கூரியர் வர நேரமாச்சு." பச்சையம்மாள் எழுந்து பீரோவைத் திறந்தாள். பொட்டலம் உள்ளங்கையில் எடையே இல்லாமல் இருந்தது. இனி சொல்லவே வேண்டாம். குழி நிஜம், கட்டுரை நிஜம், முட்டுக்கால் நிஜம், பொய் என்று மிச்சமிருப்பது இந்த ஒரு பொட்டலம்தான். கை தவறிக் கொட்டிவிட்டது என்றால் அதுவும் முடிந்தது. இதற்குக் குரல்கூட வேண்டியதில்லை, விரலைத் தளர்த்தினால் போதும். ஆனால் அந்த நிஜமான கருப்பு மண், கரியோடு, கல்லோடு, குவியலில் கிடக்கிறது, மழை பெய்திருக்கும், கெம்பம்மாவைத் தவிர யாரும் அதைப் பார்த்ததில்லை. கால் வழுக்கிடுச்சு சார். கால் எங்கே வழுக்கியது. "மேடம்," என்றாள், "இதுல இருக்கறது உப்புமா அடுப்புக் கரி மேடம்." மேடம் அடுத்த விடைத்தாளைப் புரட்டிக்கொண்டே சிரித்தார். "இது யாரு, நம்ம சமையல்காரரா? நல்லாருக்கு. எடுத்துட்டு வா."

அவள் வந்தாள். பொட்டலத்தை மேசைமேல் வைத்தாள், குனிந்தாள், மேசைக் காலைத் தோளால் ஒரு நெல் உயரம் தூக்கிக் கல்லை உருவினாள். மேசை சாய்ந்தது. டீ கிளாஸ் நகர்ந்தது, சிவப்புப் பேனா உருண்டு விழுந்தது, திரையோடு சேர்ந்து விழுந்த வீடும் சாய்ந்தது, மேடம் ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டு, "என்னடி பண்ற நீ!" என்று கத்தினார். பச்சையம்மாள் கல்லை விடைத்தாள்களின் மேல் வைத்தாள். "இது ஒன்பதாம் குழியில இருந்துச்சு மேடம். நெட்டுக்குத்தா செருகியிருந்துச்சு. நான்தான் சாப்பாட்டு நேரத்துல குத்தி எடுத்தேன். வெறுந்தரைன்னு நெனச்சேன். ரிஸ்வானை ஏமாத்தறதுக்கு. சாம்பலும் நான் போட்டதுதான்." மேடம் ஒரு கையால் மேசையைப் பிடித்தபடி மறு கையால் கல்லை எடுத்தார். ஜன்னல் பக்கம் காட்டித் திருப்பினார். தடித்த முனையில் கொத்தின தடம், உள்பக்கம் மட்டும் லேசாகக் குழிந்து வழவழப்பாக, உருண்டையான ஏதோ ஒன்றின் மேல் ரொம்ப நாள் சாய்ந்திருந்த மாதிரி. கட்டைவிரலால் அதைத் தடவினார், அன்றைக்குச் சுவரைத் தடவின மாதிரியே. திட்டப்போகிறார் என்று பச்சையம்மாள் நின்றாள்.

"மத்த கல்லெல்லாம் எங்க?" என்றார்.

மற்ற கல் இருந்தது என்று அவள் சொல்லவே இல்லை, ஆனால் கம்பத்தை ஆடாமல் இறுக்க ஒரு கல் போதாது என்று மேடத்துக்குத் தெரியும். "ரெண்டு, மேடம். மண்ணுக் குவியல்ல. குழி மண்ணும் அங்கதான். கெம்பம்மாக்கா பாத்தாங்க." மேடம் தலையை ஆட்டிக்கொண்டார். "சுவரு பழசு. உள்ள சாம்பல் மட்டும் நேத்து அள்ளினது மாதிரி லேசா இருந்துச்சு. நாலு மாசமா அதையே நினைச்சுட்டிருந்தேன். ஆசையில கேக்காம விட்டுட்டேன்." பொட்டலத்தை எடுத்துத் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டார். "இது போகாது. கட்டுரையும் இன்னிக்குப் போகாது. குழி இருக்கு, ஆனா அது என்ன சொல்லியிருக்குமோ அதை நீ வாரிக் கொட்டிட்ட. அதையும் சேத்துத்தான் எழுதணும், தோண்டினது யாருன்னு பேரு போட்டு. அடுத்த தைக்கு உன்னைக் கூட்டிட்டுப் போறேனா இல்லையான்னு இப்பக் கேக்காத." "ரிஸ்வானுக்குப் போன் போடு. நீயே சொல்லு. என் குரல்ல சொல்லிடாத."

மணி பன்னிரண்டு ஏழு. போன் மணி அடித்துக்கொண்டே இருந்தது, பிறகு அந்தப் பக்கம் அச்சு இயந்திரத்தின் கடகடப்புக்கு நடுவில் ரிஸ்வான் கத்தினான். "போஸ்டர் சூப்பரா வந்திருக்கு! முட்டுக்கால் மட்டும் செவப்புல போடச் சொல்லியிருக்கேன். ஆமா, இன்னிக்கு யாரு பேசறது? வார்டனா, மேடமா?"

"ரெண்டு பேரும் இல்லடா."

"அப்புறம்?"

தொண்டையில் யாரும் வரிசையில் நிற்கவில்லை. எதிரே மேடம் ஒரு கையில் கல்லோடும் மறு கையில் மேசையோடும் உட்கார்ந்திருந்தார். விட்டால் சாயும், விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார்.

"உன் ஒன்பதாவது குழியத் தோண்டின ரெண்டாவது ஆளு" என்றாள் பச்சையம்மாள்.

அந்தப் பக்கம் ரிஸ்வான் அச்சுக்காரரிடம், "அண்ணே, ஒரு நிமிஷம், அதை நிறுத்துங்க" என்றான்.